சின்ன மடக்குக்கத்தி: 3,000 ரூபாயை ஒட்டி எதை எடுக்கலாம்?

#1 மழுங்கல்

வணக்கம். பையில் போட்டுக்கொள்ள ஒரு சின்ன மடக்குக்கத்தி வேண்டும். வேலை இவ்வளவுதான்: பார்சல் டேப், சாக்குத் தைத்த நூல், கேபிள் டை, பழம், எலுமிச்சை. ஊர் கடலோரம், உப்புக்காற்று உண்டு. கையில் 3,000 ரூபாய்.

மூன்று பெயர் குறித்து வைத்திருக்கிறேன். ஓப்பினெல் 7, விக்டோரினாக்ஸ் கேடட், அப்புறம் ஆன்லைனில் 600 ரூபாய்க்குக் கிடைக்கும் "டமாஸ்கஸ்" (பிளேடில் அலைக்கோலம் போட்டது) லைனர் லாக் ஒன்று. லைனர் லாக் என்றால் பிடிக்குள் இருக்கும் தகடு பிளேடின் அடியில் வந்து நின்று பூட்டுவது. முதல் இரண்டையும் விட மூன்றாவதுதான் பார்க்கக் கெட்டியாக இருக்கிறது. பூட்டு இல்லாத கத்தி ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

#2 தீட்டுக்கல்

மூன்றாவதை இப்போதே அடித்துவிடுங்கள். கெட்டியாக இருப்பதுதான் அதன் குறையே.

கத்தி வாங்குகிறவர்கள் எஃகின் பெயரைப் பார்ப்பார்கள், பூட்டைப் பார்ப்பார்கள். கூர்வாய்க்குச் சற்று மேலே பிளேடு எவ்வளவு மெல்லிசு என்று யாரும் பார்ப்பதில்லை. வெட்டுவது அதுதான். ஓப்பினெல் 8-இன் (7-க்கு அடுத்த அளவு) முதுகு ஏறக்குறைய 1.7 மி.மீ. அங்கிருந்து கூர்வாய் வரை லேசான வளைவோடு மெலிந்துகொண்டே வரும். விலை மலிந்த லைனர் லாக்குகளில் முதுகு 3 மி.மீ. இருக்கும், பாதி அகலம் வரை மெலியவே மெலியாது, கடைசியில் கூர் வைத்த இடத்துக்குப் பின்னாலேயே முக்கால் மில்லி, ஒரு மில்லி பருமன் நிற்கும். அதில் ஆப்பிளை வெட்டிப் பாருங்கள். கத்தி பாதி இறங்கியதும் பழம் "டப்" என்று பிளக்கும். ஆப்பு வைத்த மாதிரி. முள்ளங்கியிலும் கேரட்டிலும் இன்னும் நன்றாகத் தெரியும். முடியை மழிக்கும் அளவுக்குத் தீட்டி வைத்தாலும் அந்தக் கத்தி அட்டைப்பெட்டியில் சிக்கி நிற்கும்.

உங்கள் வேலைக்கு ஓப்பினெல் அல்லது கேடட். கேடட் சில சமயம் உங்கள் தொகையைத் தாண்டி நிற்கும். அப்போது விக்டோரினாக்ஸிலேயே அதே 84 மி.மீ. அளவில் பிளாஸ்டிக் பிடி போட்ட பேன்டம் இருக்கிறது. பிளேடு ஒன்று, மூடி திறக்கவும் திருகவும் ஒரே கருவி ஒன்று, சிமிட்டாவும் பல்குச்சியும் செருகி இருக்கும். பார்சல் பிரிக்கிறவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

#3 அரக்கு

> பூட்டு இல்லாத கத்தி ஆபத்து என்கிறார்களே

பாதி உண்மை. விசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யோசித்தால் விளங்கிவிடும். கூர்வாயை அழுத்தி வெட்டும்போது விசை பிளேடைத் திறந்த நிலையிலேயே தள்ளி வைக்கிறது. அப்போது பூட்டுக்கு வேலையே கிடையாது. முதுகுப் பக்கம் விசை விழும்போதுதான் பிளேடு மடங்கும்: முனையால் குத்தும்போது, குத்திய பிளேடை முன்னும் பின்னும் ஆட்டிப் பிடுங்கும்போது, தடித்த அட்டையில் சிக்கியதை மேல்நோக்கி இழுக்கும்போது.

கேடட்டில் இருப்பது பூட்டு அல்ல, முதுகு வில். பிளேடைத் திறந்த இடத்திலும் மூடிய இடத்திலும் அந்த வில் அழுத்தி நிறுத்துகிறது. டேப், நூல், பழம் எல்லாவற்றுக்கும் அது போதும். கேபிள் டையில் மட்டும் கவனம். டைக்கு அடியில் பிளேடைச் செருகி மேலே நெம்பக்கூடாது. டையின் தலைப் பக்கமாகக் கூர்வாயை வைத்து, உடம்புக்கு வெளிப்புறமாக அழுத்தி அறுக்கவும்.

பூட்டு இருந்தாலும் செய்யக்கூடாத வேலை ஒன்று நம் வீடுகளில் உண்டு: தேங்காய்ச் சில்லைக் கீறி எடுப்பது. அது வெட்டுகிற வேலை இல்லை, நெம்புகிற வேலை. பிளேடு பக்கவாட்டில் வளையும், அந்த முறுக்கு மொத்தமும் அச்சாணியில் போய் விழும், ஆணி தளர்ந்து பிளேடு ஆட ஆரம்பிக்கும். முனை உடைவதும் இதில்தான். தேங்காய்க்குக் கீறி, பாக்குக்குப் பாக்குவெட்டி. மடக்குக்கத்தியை அதில் இழுக்காதீர்கள்.

#4 மழுங்கல்

தெளிவாகிவிட்டது, நன்றி. ஓப்பினெலில் கார்பன் எஃகு, இனாக்ஸ் (துருப்பிடிக்காத எஃகு) என்று இரண்டு வருகிறதே. கார்பன்தான் நன்றாகக் கூர் ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

#5 தீட்டுக்கல்

கடலோரம், எலுமிச்சை. இந்த இரண்டைச் சொன்ன பிறகு கார்பன் பேச்சே வேண்டாம். இனாக்ஸ் எடுங்கள்.

ஓப்பினெல் கார்பன் என்பது எக்ஸ்சி90 என்ற எஃகு. கரிமம் 0.90 சதவீதம் அளவில், குரோமியம் சேர்ப்பதில்லை. இனாக்ஸ் என்பது சாண்ட்விக் நிறுவனத்தின் 12சி27 எஃகு வகையின் மாறுபட்ட வடிவம், குரோமியம் 14 சதவீதத்துக்கு மேல். கார்பன் கல்லில் சுலபமாகப் பிடிக்கும், கூரும் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும். மறுக்கவில்லை. ஆனால் மாங்காய் நறுக்கினால் பிளேடு கறுக்கும், மாங்காயும் கறுக்கும். துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான், வாழைப்பூவிலும் அதே கதை. அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, சிவப்புத் துருதான் கெடுதல். உப்புக்காற்றில் ஈரத்தோடு மடக்கி வைத்தால் ஒரே ராத்திரியில் சிவப்புப் புள்ளி விழும். கண்ணுக்குத் தெரியாத கூர்வாயில்தான் துரு முதலில் தின்னும், ஆகவே கத்தி சும்மா கிடந்தே மழுங்கும்.

கார்பன்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு: சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, வெதுவெதுப்பான வினிகரில் பிளேடை மட்டும் 20 நிமிடம் முக்கி, கழுவி, நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். சாம்பல் படலம் ஒன்று பிடிக்கும். துருவை அது தடுத்து நிறுத்திவிடாது, தாமதப்படுத்தும்.

#6 வெண்கலப்பூண்

கடலோரத்துக்கு ஓப்பினெலே தப்பு என்பது என் கட்சி. பிளேடு இனாக்ஸ் ஆனாலும் பிடி பீச் (beech) மரம். ஈரம் ஏறினால் மரம் உப்பும், உப்பினால் பள்ளம் பிளேடை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். நகக்குழியில் நகம் வைத்து இழுத்தால் நகம்தான் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி நாள் அது கத்தியே இல்லை, மரக்கட்டை. அலாக்ஸ் பிடி போட்ட கேடட் அலுமினியம். உப்பாது, கழுவலாம், 46 கிராம் அளவுதான் எடை.

#7 தீட்டுக்கல்

வெண்கலப்பூண் சொல்வது நடக்கிற விஷயம்தான். ஆனால் தீர்வு உள்ள விஷயம்.

இதை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் தொடங்கியதிலிருந்து அடிப்படை மாறவே இல்லை: மரம், பிளேடு, ஆணி, பூண். 1955-இல் அந்தப் பூணுக்கு மேலே சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள், அதுதான் விரோப்ளாக் பூட்டு. 6-ஆம் எண்ணிலிருந்துதான் அது உண்டு. பிளேடு மரத்தில் சிக்கிக்கொண்டால் அந்த ஊர்க்காரர்கள் பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் "டொக்" என்று தட்டுவார்கள். பிளேடு தானாக எழும்பும், பிறகு விரலால் பிடித்துத் திறக்கலாம். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டுத் தட்டவும்.

நிரந்தரத் தீர்வுக்கு ஒரு மாலை வேலையும் சில நாள் காத்திருப்பும் வேண்டும். முதலில் கத்தியை நிழலில் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள், வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். 220 எண் உப்புத்தாளை மடித்துப் பள்ளத்துக்குள் விட்டு இரண்டு சுவரையும் சம அளவில் தேயுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை மடக்கிப் பாருங்கள், அதிகம் தேய்த்துவிட்டால் பிளேடு ஆடும், திரும்ப ஒட்ட முடியாது. அளவு சரியானதும் ஆளிவிதை எண்ணெயைக் குச்சியில் சுற்றிய துணியால் பள்ளத்தின் உள்ளே பூசி, 15 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி பூசுங்கள். மூன்று பூச்சு. பிடியின் வெளிப்புறத்தில் ஏற்கெனவே வார்னிஷ் இருக்கிறது, உப்புகிற தொல்லை வருவது உள்ளிருந்துதான். ஆகவே வெளியே மெனக்கெட வேண்டாம்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அது காயாது, மரத்தில் பிசுபிசுப்பாகவே இருக்கும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

#8 வெண்கலப்பூண்

ஒரு மாலை, மூன்று பூச்சு, தீப்பிடிக்கும் துணி. அலாக்ஸுக்கு இது எதுவும் வேண்டாம் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன் 🙂

#9 வன்னிக்காத்து

லண்டனில இருந்து இதை வாசிக்கிற எங்கட ஆக்களும் இருப்பினம், அதால ஒண்டு சொல்லுறன். இங்க கதை வேற. 1988ம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின்ர 139ம் பிரிவின்படி, காரணம் இல்லாமல் வெளியில கொண்டு திரியக்கூடியது பூட்டில்லாத மடக்குக்கத்தி மட்டும்தான், அதுவும் வெட்டுற வாய் 3 அங்குலத்துக்கு மேல போகக்கூடாது. பூட்டு இருந்தால் அது மடக்குக்கத்தி எண்ட கணக்கில வராது எண்டு 1993ல நீதிமன்றம் தீர்த்திட்டுது.

அப்பிடிப் பார்த்தால் ஓப்பினெல் 7 ரெண்டு விதத்திலயும் பிழை: வளையப் பூட்டு, 8 செ.மீ. பிளேடு. 6ம் பிழை, அதிலயும் பூட்டு இருக்கு. 5ம் இலக்கம் 6 செ.மீ., பூட்டு இல்லை, அது பரவாயில்லை. கேடட்டும் பரவாயில்லை. தொழிலுக்குத் தேவை எண்டு காட்ட ஏலுமெண்டால் பெரிய கத்தியும் கொண்டு போகலாம், ஆனால் அந்தத் தேவையை நிரூபிக்கிறது உங்கட பொறுப்பு. "பாதுகாப்புக்கு வச்சிருக்கிறன்" எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ, அது காரணமாகவே எடுபடாது.

#10 அரக்கு

நல்ல தகவல் அண்ணே. இந்தியாவிலும் ஒரு வரி சொல்லிவிடலாம். 2016 ஆயுத விதிகளில் கூரிய ஆயுதங்களுக்கான வகை 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள பிளேடைப் பேசுகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அதில் வராது. இந்த இழையில் பேசும் கத்திகள் அந்த அளவின் பக்கத்திலேயே இல்லை. ஆனால் பட்டன் அழுத்தினால் பாயும் கத்தி வேறு விஷயம். தில்லியில் 1980 அறிவிக்கை ஒன்று பட்டன் கத்திகளுக்கு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என்று வரம்பு போட்டது, அதை வைத்து வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆகவே "ஸ்பிரிங்", "ஆட்டோமேட்டிக்" என்று எழுதிய எதையும் வாங்க வேண்டாம். விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள். மெட்ரோ, நீதிமன்றம் மாதிரி பையைச் சோதிக்கும் இடங்களுக்கு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது உத்தமம்.

#11 மழுங்கல்

கேடட் என்று முடிவுக்கு வந்துவிட்டேன் (தீட்டுக்கல் சார் மன்னிக்க). பார்சல் வந்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்?

#12 அரக்கு

முதலில் மடக்கிய நிலையில் பாருங்கள். பிளேடின் முனை பிடிக்குள் முழுதாக அடங்கியிருக்க வேண்டும், பையில் கை விட்டால் விரலில் தட்டக்கூடாது. பிளேடு பள்ளத்தின் நடுவில் வர வேண்டும். ஒரு பக்கச் சுவரை உரசினால் அந்த இடத்தில் கூர்வாய் தேயும்.

வெளிச்சத்துக்கு எதிரே முதுகைப் பிடியுங்கள். வில்லுக்கும் பக்கத்தகட்டுக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் பெரிய குற்றமில்லை. காகிதம் நுழையும் அளவு இடைவெளி என்றால் திருப்பி அனுப்புங்கள். பிறகு திறந்து, பிடியை ஒரு கையில் இறுக்கிப் பிளேடின் முனையருகே இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அசைவே இருக்கக்கூடாது. கேடட்டில் அச்சாணி அடித்து மூடிய ரிவெட், ஸ்க்ரூ மாதிரி இறுக்க முடியாது. வரும்போதே ஆடினால் ஆடியபடியேதான் இருக்கும்.

திறக்கும்போதும் மூடும்போதும் வில் "டக்" என்று இழுத்துக்கொள்ள வேண்டும். சோம்பலாக, பாதியில் நின்று யோசித்தபடி மூடினால் வில் பலவீனம், அல்லது உள்ளே அழுக்கு. புதுக் கத்தியில் அழுக்குக்கு வாய்ப்பில்லை, ஆகவே போலி என்று சந்தேகப்படலாம். பிளேடின் அடிப்பகுதியில் எழுத்து தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். போலிகளில் எழுத்து மேலோட்டமாக மை தடவிய மாதிரி இருக்கும், நகக்குழியின் ஓரம் பிசிறாக இருக்கும்.

லைனர் லாக் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: திறந்ததும் பூட்டுத் தகடு பிளேடின் அடிக்குக் கீழே கால் பங்காவது வந்து நிற்க வேண்டும். ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்றால் வழுக்கும். முழுக்கத் தாண்டி எதிர்ச்சுவரில் போய் முட்டினால் புதிதிலேயே தேய்ந்தது என்று பொருள். சோதிக்கப் பிளேடின் முதுகை மர மேசையில் மெதுவாகத் தட்டினால் போதும், விரல்கள் மடங்கும் பாதையில் இருக்கக்கூடாது. சுத்தியல் அடி போல ஓங்கித் தட்டுகிறவர்கள் நல்ல பூட்டையும் கெடுக்கிறார்கள்.

#13 மழுங்கல்

தீட்டுவது? தெருவில் சாணைக்காரர் வருகிறார், அவரிடமே கொடுத்துவிடலாமா?

#14 வெண்கலப்பூண்

வேண்டாம். அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் அவர் சரி. மெல்லிய பிளேடை மோட்டார்ச் சக்கரத்தில் தண்ணீர் விடாமல் வைத்துத் தீட்டினால் நுனி நொடியில் சூடேறிவிடும். கூர்வாயில் வைக்கோல் நிறம் வந்தால் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, நீலம் வந்தால் 300-ஐ ஒட்டியது. நீலம் ஏறிய இடத்தில் எஃகு இளகிவிட்டது, அந்த நீலத்தைத் தேய்த்து அகற்றும் வரை கூர் நிற்காது. தேய்த்தால் பாதி பிளேடு போய்விடும்.

400/1000 இரண்டு பக்கக் கல் (400 சொரசொரப்பு, 1000 நயம்) ஒன்று வாங்குங்கள். கோணத்துக்குக் கணக்கு இதோ: பிளேடின் அகலம் 12 மி.மீ., பக்கத்துக்கு 20 டிகிரி வேண்டும் என்றால் முதுகை 12-இன் மூன்றில் ஒரு பங்கு, 4 மி.மீ. தூக்க வேண்டும். நாணயம் ஒன்று ஒன்றரை மில்லி வைத்துக்கொண்டால் மூன்று நாணயத்தை அடுக்கி அதன் மேல் முதுகை வைத்துக் கோணத்தைக் கையில் பழக்கலாம்.

#15 தீட்டுக்கல்

மூன்று வைத்தால் கோணம் 27-க்குப் போய்விடும். 4 மி.மீ. என்பது முதுகின் நடுக்கோடு நிற்க வேண்டிய உயரம். நாணயத்தில் உட்காருவது முதுகின் கீழ் விளிம்பு. முதுகு 2 மி.மீ. பருமன் என்றால் அதில் பாதி, 1 மி.மீ., கழிக்க வேண்டும். மிச்சம் 3. ஆக இரண்டு நாணயம்.

#16 வெண்கலப்பூண்

ஆமாம், பாதிப் பருமனை விட்டுவிட்டேன். இரண்டு நாணயம்தான் சரி.

#17 தீட்டுக்கல்

கோணம் பிடித்த பிறகு கூர்வாயில் மார்க்கர் பேனாவால் இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கல்லை நனைத்து நாலைந்து இழுப்பு இழுத்துவிட்டு மையைப் பாருங்கள். நுனியில் மை அப்படியே இருந்து மேலே அழிந்திருந்தால் கோணம் தாழ்வு. நுனியில் மட்டும் அழிந்து மேலே நின்றால் உயரம் கூடுதல். முழுக்க அழிகிற வரை கையைத் திருத்துங்கள். எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போங்கள். எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரலைக் கூர்வாய்க்குக் குறுக்கே, வெளிநோக்கித் தடவினால் சொரசொரப்பாக ஒரு பிசிறு தட்டும். அடியிலிருந்து முனை வரை ஒரே சீராகத் தட்டிய பிறகே அடுத்த பக்கம். பெரும்பாலோர் பிசிறு எழும் முன்பே பக்கம் மாற்றிவிட்டு "கல் சரியில்லை" என்பார்கள்.

இரண்டு பக்கமும் ஆனதும் 1000-இல் அழுத்தமில்லாமல் மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போகும்படி இருபது இழுப்பு. பிசிறு போய்விடும். செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்து அறுத்தால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். "கர்" என்று ஒரு இடத்தில் நின்றால் அந்த இடத்தில் இன்னும் பிசிறு இருக்கிறது.

விக்டோரினாக்ஸ் எஃகு 56 ராக்வெல் (எஃகின் கடினத்தைச் சொல்லும் எண்) அளவுதான், இளசு. அட்டைப்பெட்டி அதிகம் வெட்டினால் வாரம் ஒருமுறை பெல்ட்டில் இழுக்க வேண்டியிருக்கும். ஆனால் ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூர் வந்துவிடும், கல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

#18 வன்னிக்காத்து

பலாப்பழம் வெட்டுறதெண்டால் முதல் பிளேட்டில எண்ணெய் தடவிப்போட்டு வெட்டுங்கோ. பால் அச்சாணிக்குள்ள போய்க் காய்ஞ்சால் கத்தி திறபடாது. போயிட்டுதெண்டால் சுடுதண்ணியில கழுவிப் பிரயோசனமில்லை, மண்ணெண்ணெய் ரெண்டு துளி விட்டுத் திறந்து மூடித் திறந்து மூடித்தான் எடுக்கலாம். பிறகு சோப்புப் போட்டு வடிவாக் கழுவ வேணும்.

#19 மழுங்கல்

அச்சாணிக்கு என்ன எண்ணெய்? பழமும் வெட்டுவேன்.

#20 அரக்கு

மருந்துக்கடையில் வெறும் லிக்விட் பாரஃபின் கேளுங்கள். மலமிளக்கியாகக் குடிக்கக் கொடுப்பதுதான், வாய்க்குப் போனால் பயமில்லை. ஆணியில் ஒரே ஒரு துளி, பத்து முறை திறந்து மூடி, வெளியே கசிந்ததைத் துடைத்துவிடுங்கள். அதிகம் விட்டால் பையிலுள்ள பஞ்சும் தூசியும் அதில் ஒட்டி, வில்லுக்கு அடியில் கறுப்புச் சேறாகும். தையல் மிஷின் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் பழம் வெட்டுகிற கத்திக்கு வேண்டாம்.

#21 வெண்கலப்பூண்

அந்த 600 ரூபாய் "டமாஸ்கஸ்" ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: பிளேடின் அடிப்பகுதியில், ஓரமாக, கடுகளவு இடத்தை 600 எண் உப்புத்தாளால் பளபளக்கத் தேயுங்கள். கோலம் அழிந்துவிடும், நிஜமானதிலும் அழியும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். தேய்த்த இடத்தில் ஃபெரிக் குளோரைடு (எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு அரிக்கக் கொடுப்பது) ஒரு துளியைத் தண்ணீர் கலந்து வையுங்கள். அடுக்கு எஃகு என்றால் சில நிமிடத்தில் அதே கோடுகள் திரும்ப எழும்பும். ஒரே சாம்பல் திட்டாக நின்றால் லேசர் அச்சு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணியில் பட்டால் மஞ்சள் கறை போகாது.

#22 மழுங்கல்

கேடட்டே ஆர்டர் போட்டுவிட்டேன். கல் 400/1000.

#23 தீட்டுக்கல்

கல் வந்ததும் முதல் வேலையாகக் கத்தியை அதில் வைக்காதீர்கள். புதுக் கத்தி தீட்டித்தான் வரும். இரண்டு வாரம் வெட்டுங்கள், மழுங்கட்டும். அதுவரை வீட்டிலுள்ள பழைய காய்கறிக்கத்தியில் மார்க்கர் போட்டுப் பழகுங்கள்.

#24 வெண்கலப்பூண்

பழைய காய்கறிக்கத்தியின் அகலம் 12 மில்லி இல்லை, நாணயக் கணக்கு மாறும். 20 மில்லி அகலம், ஒன்றரை மில்லி முதுகு என்றால் நாலு நாணயம்.

#25 தீட்டுக்கல்

இந்த முறை பாதிப் பருமனைக் கழித்துவிட்டீர்கள். சரிதான்.